தொரப்பள்ளிக்காரரும் எமர்சனும்

அன்புள்ள ஓசூர் நண்பர்களுக்கு,

அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் 1841-இல் வெளியிட்ட ‘செல்ஃப் ரிலையன்ஸ்’ கட்டுரையை முன்னேற்ற நூல்போல வாசிப்பது இங்கே அமெரிக்காவிலும் வழக்கம்தான்: உன்னை நம்பு, சொந்தக் காலில் நில். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை போட நினைக்கும் இளைஞருக்கு அது தெம்பு தரும், தரட்டும். ஆனால் கட்டுரையின் மையம் அது அல்ல. எதை எடுத்துவிட்டால் மற்றவை சரிந்துவிடுமோ அதுவே மையம். கூட்டத்தோடு ஒத்துப்போகாதே, நேற்றுச் சொன்னதற்கு இன்று கட்டுப்படாதே என்ற இரண்டும் அதில் ஓங்கி ஒலிக்கின்றன. இரண்டுக்கும் காரணம் கேட்டால் ஒரே இடத்துக்கு வருகிறோம்: உன் நெஞ்சின் ஆழத்தில் உண்மையென்று படுவது எல்லோருக்கும் உண்மை, ஏனென்றால் எல்லா மனங்களுக்கும் ஊற்று ஒன்றே. இதை நீக்கினால் மிஞ்சுவது பிடிவாதம். நற்கருணைச் சடங்கில் மனம் ஒப்பாமல் 1832-இல் பாஸ்டன் தேவாலயப் பொறுப்பைத் துறந்தவர் எழுதியது இது.

உங்கள் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, பின்னாளில் இருமுறை சென்னை ஆட்சிக்குத் தலைமை தாங்கிய ராஜாஜியை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ அலை எழுந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு வேண்டும் என்று வாதாடி, காங்கிரசையே விட்டு விலகினார். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்தார். முரண்பாடு என்றார்கள். எமர்சன் கணக்கில் அது குற்றமே அல்ல.

சரி, அதே நெஞ்சுறுதிதானே 1953-இல் குலக்கல்வி என்று பெயர்பெற்ற திட்டத்தையும் கொண்டுவந்தது? பிள்ளைகள் அரை நாள் பள்ளியில், மீதி நேரம் தகப்பன் தொழிலில். 1954-இல் அவர் முதல்வர் பதவியிலிருந்து விலக, அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். இந்த ஆட்சேபம் கனமானது. உள்ளிருந்து வரும் குரல் தீயதாக இருந்தால் என்ன என்று எமர்சனே கேட்டு, அப்போதும் அதன்படியே வாழ்வேன் என்று கடந்துவிடுகிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் திருத்தம் அவருடைய மையக் கருத்துக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் பட்டது எல்லோருக்கும் உண்மை என்றால், அதை உரசிப் பார்க்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. துணி வெளுப்பவரும் செருப்புத் தைப்பவரும் தம் பிள்ளைக்கு அந்தக் கல்வித் திட்டம் வேண்டாம் என்றார்கள். அதைக் கூட்டத்தின் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக ஊர் காட்டிய இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள், தங்கள் நெஞ்சு சொன்னதை நம்பி, நாடறிந்த ஓர் அறிஞரை மறுத்தார்கள். எமர்சன் கேட்ட துணிவு அன்று அவர்களிடமே அதிகம் இருந்தது.