கல் சுவரைத் தாண்டாத வைஃபை... குறைந்த செலவில் கொட்டகை வரை கொண்டுபோகலாம்!

ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாகத் தமிழகத்துக்குள் வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற தகவல், இப்போது செல்போனில்தான் முதலில் வருகிறது. அது வந்து சேராத இடத்தில் படுத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

ஜவளகிரி பக்கத்தில் ஒரு கூட்டுக்குடும்பம். முன்கட்டு, பாட்டன் காலத்துக் கருங்கல் சுவர். பின்கட்டு, பிற்பாடு எழுப்பிய கான்கிரீட். அதற்கும் பின்னால் மாட்டுக்கொட்டகை. காவலுக்குப் பெரியவர் படுக்கும் சின்ன அறை. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள், ரவுட்டரைத் தெருவோர அறையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே பேரனுக்கு வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். கொட்டகையிலோ செல்போன் சிக்னலும் நிற்காது, வைஃபையும் எட்டாது. ஒருநாள் இரவு வந்த 'யானை இறங்கியிருக்கு' என்ற செய்தியைப் பெரியவர் விடிந்த பிறகுதான் பார்த்தார். அதற்குள் களத்திலிருந்த ராகிப் போரில் பாதி போயிருந்தது.

"பெரிய பிளானா மாத்திடலாம்ப்பா" என்றார் மகன்.

"முன் ரூம்ல வேகத்துக்கு என்னடா குறை? பணம் கூடக் கட்டினா கல்லுச் சுவர் வழிவிட்டுடுமா?" என்றார் பெரியவர்.

அவர் கேட்டது சரியான கேள்வி. வைஃபை என்பது ரேடியோ அலை. கல், கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அதை மறிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் கூடுதல் தூரம் போகும். தூரத்து அறைகளில் செல்போனை 2.4-இல் இணைப்பதே நல்லது.

அந்தக் குடும்பம் முதலில் செய்தது செலவில்லாத வேலை. ரவுட்டரை வீட்டின் நடுக்கூடத்துக்கு மாற்றி, ஆள் உயரத்துக்கு மேல் வைத்தார்கள். பின்கட்டு வரை சிக்னல் வந்துவிட்டது. கொட்டகை மட்டும் பாக்கி.

அடுத்து, பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். அதைக் கொட்டகையிலேயே மாட்டியது வீண். சிக்னல் வராத இடத்தில் ரிப்பீட்டர் எதை வாங்கிக் கொடுக்கும்? சிக்னல் ஓரளவு நன்றாக இருக்கும் பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினாலும், வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் நடக்கும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

கடைசியில் கைகொடுத்தது கம்பிதான். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். முழுச் செம்பு கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு என்றாலும் நம்ப முடியாது. மறுமுனைக்குப் புதுக் கருவி தேவைப்படவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டரே போதுமானதாக இருந்தது. அதன் ஐ.பி. முகவரியை மாற்றி, டி.எச்.சி.பி. வசதியை நிறுத்தி, இரண்டு ரவுட்டரின் லேன் துளைகளையும் கேபிளால் இணைத்தார்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுக்கும் ஒன்றே. சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 6. செலவு, கேபிளுக்கும் பி.வி.சி. குழாய்க்கும் மட்டும்தான்.

கிணற்று மோட்டார் அறை இன்னும் தூரம் என்றால்? இடையில் மறைப்பு இல்லாவிட்டால் அதே அலை வெகுதூரம் போகும். 2000-களில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, உயரத்தில் திசை ஆன்டெனாக்களை நேருக்கு நேர் நிறுத்தி, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமக் கண் மையங்களை வைஃபையால் இணைத்தார்கள். மருத்துவர் தேனியிலிருந்தபடியே கிராமத்து நோயாளியிடம் பேசினார். பல கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடந்த அலையை, வீட்டுக்குள் இரண்டு கல் சுவர் நிறுத்திவிடுகிறது. ஆகவே சுவரோடு மல்லுக்கட்டாமல், அதைச் சுற்றிப் போவதே சிக்கனம்.

இரண்டு எச்சரிக்கைகள். கேபிளை மோட்டார் லைனோடு சேர்த்துக் கட்டக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் வெளியில் ஓடும் செம்புக் கம்பி ஆபத்து. வானம் இருட்டும்போதே இரு முனைகளையும் பிடுங்கிவிட வேண்டும். இரவில் கரண்ட் போனால் இரண்டு ரவுட்டரும் நின்றுவிடும் என்பதால், இரண்டுக்குமே சிறிய பேட்டரி பேக்கப் அவசியம். கரண்ட் இல்லாத இரவும் யானை வரும் இரவும் ஒன்றாக அமைவது உண்டு.