பொன் விளைந்த பூமியில் புலரும் பொழுது

பங்காரப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை ஊர்காம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிவடைகின்றது. கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் இதுவே. ஆயினும் வீதிகளில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழே.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையும் சாதிக்கொடுமையும் துரத்த வந்த ஏழைகளே மண்ணுக்குள் இறங்கியவர்கள். மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்து, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்தில் அவர்கள் உழைத்தனர். பாறை வெடித்து மாண்டவர் பலர். கல்தூசு நுரையீரலில் படிந்து இருமியே மெலிந்தவர் அவரினும் பலர். அவர்கள் வெட்டிய பாறையிலிருந்து ஏறத்தாழ 800 டன் பொன் கிடைத்தது.

சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902-இலேயே இச்சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். பெருநகருக்கு முந்தி ஒளி கண்ட ஊர் இன்று அந்நகரை நம்பியே பிழைக்கின்றது!

கனிமம் குறைந்தது, ஆழம் கூடக்கூடச் செலவும் கூடிற்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. தலைமுறைகளாகச் சங்கொலி கேட்டு எழுந்த ஊர் திடீரென மௌனமாயிற்று.

எனினும் ஊர் எழுவது நிற்கவில்லை. விடியுமுன்னரே வீடுகளில் அடுப்பு எரிகின்றது. சோற்றுப் பாத்திரத்துடன் ஆண்களும் பெண்களும் இரயிலடிக்கு விரைகின்றனர். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்று, பெங்களூரில் வேலை செய்து, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர். பாட்டன் பூமிக்கடியில் காணாத பகலைப் பேரன் இரயில் பெட்டியில் இழக்கின்றான். இரவு உறங்கும் பிள்ளையின் முகத்தையே காணும் பெற்றோர் இங்கு ஏராளம். அப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பாடம் கேட்டு, பசியாற்றுபவர்கள் தாத்தாவும் பாட்டியுமே.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. காற்று வீசும் நாளில் அதன் தூசு உலையிலும் உடையிலும் படிகின்றது. பெண்கள் துடைக்கின்றனர், மறுநாளும் துடைக்கின்றனர். கம்பெனி கட்டிய வரிசை வீடுகளைப் பழுதுபார்த்து, வாயிலில் கோலமிட்டு வாழ்கின்றனர். கோயில் திருவிழாவுக்கும் ஆலயத் திருநாளுக்கும் சாதி சமயம் பாராது கைகொடுக்கின்றனர். ஆபத்தில் அருகில் நிற்பவனே உறவினன் என்பது சுரங்கம் கற்பித்த பாடமன்றோ!

இவர்களது பொறுமையைப் புகழ்ந்துவிட்டு நாம் அகன்றுவிடலாகாது. பொறுமை வேறு, நீதி வேறு. நாட்டுக்குப் பொன் ஈந்த குடும்பங்கள் இரக்கத்தைக் கேட்கவில்லை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் ஒரு வேலையையே கேட்கின்றன. அது பெரிய கேள்வியா, அன்பர்களே?