ஆப்பும் ஜாக்கியும்

தென்னையில் கோடாலி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பிளக்காது, நாராகக் கிழியும். பாதி இறங்கிய கோடாலியை அங்கேயே கவ்விக்கொள்ளும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் எங்கள் மாவட்டத்தைக் கடந்து போனபின், ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டாரமே இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டது. தென்னையோடு பலா, மா, புளி, தேக்கு என்று எல்லாம் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. வெளியூரிலிருந்து செயின் சாவோடு வந்த ஆட்கள் பாதையை மறித்தவற்றை அறுத்துத் தள்ளினார்கள். நேரான அடிமரம் கிடைத்த விலைக்கு மரவாடிக்குப் போயிற்று. கவையும் கணுவும் வேர்முண்டும் யாருக்கும் வேண்டாதவையாகக் கொல்லையிலேயே தங்கிவிட்டன. தென்னந்துண்டுகளை மட்டும் சீக்கிரம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். மட்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், பிறகு மிஞ்சிய தென்னைக்கும் ஆபத்து.

விறகு பிளக்கும் இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது இந்தக் குவியலால்தான். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு கூலிக்கு வருகிறவர்கள் அதற்கு வெகுமுன்பே அருகிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அப்படி இருப்பதுதான் நல்லது. கேஸ் அடுப்பு இல்லாத வீடு இன்றைக்கு அபூர்வம் என்றாலும் விறகின் தேவை தீரவில்லை. நெல் அவிக்க, வெந்நீர் போட, கோயிலில் கிடா வெட்ட, எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மொய் விருந்து வேறு. ஆட்டுக்கறி அண்டா அண்டாவாகக் கொதிக்கிற இடத்தில் சிலிண்டரை நம்பி எந்த மாஸ்டரும் கரண்டியைத் தொடமாட்டார். சோற்றுக்கு மெல்லிய விறகாகக் கேட்பார், கறிக்குக் கனத்த கட்டையாகக் கேட்பார். பிளப்பதிலும் இரண்டு விதம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கு ஆப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நார்த்தாமலைப் பக்கம் கருங்கல் உடைப்பவர்கள் வரிசையாகக் குழி போட்டு, குழிக்கு ஒரு இரும்பாப்பு சொருகி, சம்மட்டியால் மாறி மாறித் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நேரத்தில் பாறை தானாக வாய் திறக்கும். மரம் கல்லைவிடச் சுலபம், ஏனென்றால் அதற்கு வரி உண்டு. நார்கள் அடியிலிருந்து நுனிக்கு ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டத்தான் பலம் வேண்டும், நெடுக விலக்கக் கொஞ்சம் நெம்பினால் போதும். ஆனால் எல்லா மரமும் சொன்னபடி கேட்பதில்லை. பலா நல்ல பிள்ளை, பட்டென்று வாங்கிக்கொள்ளும். சீமைக்கருவேலம் பச்சையாக இருக்கும்போது பணியும். தைலமரமும் அப்படித்தான். வனத்தோட்டக் கழகத்தின் தைலக்காடுகள் எங்கள் மாவட்டத்தில் பெருகிக் கிடப்பதால் இந்த மரத்தை நாங்கள் நன்றாகவே அறிவோம். வெட்டிய வாரத்தில் பிளந்துவிட வேண்டும். காயவிட்டால் வரி முறுக்கிக்கொண்டு கோடாலியைத் திருப்பி எறியும். புளி இருக்கிறதே, அது வேறு ஜாதி. நாருக்குள் நார் பின்னிக்கொண்டு கிடக்கும். தணல் நின்று எரிவதில் அதை மிஞ்ச ஆளில்லை, பிளப்பதற்குத்தான் கண்ணீர் வரும். எங்களுக்கு விறகு பிளந்துகொடுத்த பெரியவர் புளியங்கட்டையைக் கண்டால் ஒருதரம் சுற்றி வந்து பார்ப்பார். “தம்பி, நடு மண்டையில போடாத. ஓரமா தோலை உரிக்கிற மாதிரி எடு” என்பார்.

இயந்திரத்தில் சூட்சுமம் ஏதும் இல்லை. டிராக்டர் டிப்பரைத் தூக்குகிறதே, அந்த ஜாக்கியின் தம்பி ஒன்றைப் படுக்க வைத்து, எதிரே ஒரு ஆப்பை நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். நாலு அங்குல ஜாக்கிக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் போனால், தள்ளும் விசை சுமார் 12 டன். வீட்டு விறகுக்கு இது தாராளம். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை டன் என்றுதான். கேட்கவேண்டிய கேள்வி, போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்பது. 5 குதிரைத்திறன் மோட்டார் அந்த அழுத்தத்தில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் போலத்தான் எண்ணெய் தள்ளும். இரண்டடி நடை உள்ள ஜாக்கி முழுதாகப் போக 24 வினாடி, திரும்ப 18 வினாடி. திரும்பும் பக்கம் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் எண்ணெய் குறைவாகப் போதும், அதனால்தான் அந்த வேகம். எங்கள் அடுப்புக்கு ஒன்றேகால் அடிக் கட்டை போதும். மிச்ச முக்காலடிக்கு அது வெறுங்காற்றைத் தள்ளிவிட்டு வருகிறது.

இதைச் சொன்னதும் லேத் பட்டறைத் தம்பி, “பம்பைப் பெருசா மாத்திடலாமாண்ணே?” என்றார். பம்பைப் பெரிதாக்கினால் மோட்டாரையும் பெரிதாக்க வேண்டும், செலவுக்கு முடிவே இருக்காது. “வேணாம் தம்பி, நடையைக் குறைப்போம்” என்றேன். தள்ளுதட்டோடு சேர்ந்து ஓடும் கம்பி ஒன்று, அதில் நகர்த்தி முறுக்கும் ஒரு நட்டு. தட்டு திரும்பி வரும்போது நட்டு போய் லீவரைத் தட்ட, லீவர் நடுவுக்கு வந்துவிடும், ஜாக்கி அங்கேயே நிற்கும். கட்டையின் நீளத்துக்கு ஏற்ப நட்டை வைத்துக்கொள்ளலாம். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இத்தனைக்கும் ஒரு பழைய கம்பியும் வெல்டிங் கூலியும்தான் செலவு.

அடுத்த மாற்றம் ஆப்புக்கு இருபுறமும் வைத்த தகரத் தட்டு. கேட்டால் சிரிப்பு வரும். பெரிய கட்டை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் விழும். அதைக் குனிந்து எடுத்து மறுபடி நாலாக்க வேண்டும். இடுப்பை ஒடிப்பது இந்தக் குனிதல்தான். தட்டு வைத்தபின் பிளந்தது அங்கேயே கிடக்கும், புரட்டி விட்டால் போதும். ஒரே தள்ளலில் நாலாக்கும் கூட்டல்குறி ஆப்பும் செய்து வாங்கினோம். ஆப்பின் மேல் தொப்பி போல மாட்டிக் கழற்றலாம். பலாவுக்கும் மாவுக்கும் அது அருமை. புளியங்கட்டையைக் கொடுத்தால் ஜாக்கி பாதியில் நின்று முனகும். அப்போது பெரியவர் சொன்னபடி ஓரத்திலிருந்து உரிப்பதுதான் வழி. பன்னிரண்டு டன்னுக்கும் அதே வைத்தியந்தான்!

கூம்பு வடிவத்தில் திருகு வைத்த இன்னொரு வகையும் உண்டு. டிராக்டரின் பின்தண்டில் மாட்டினால் நிமிஷத்துக்கு 540 சுற்று வரை சுற்றும். கட்டையை அதுவே இழுத்து, துளைத்து, பிளந்துவிடும். பார்க்க வேடிக்கை, விலையும் குறைவு. கைலியும் துண்டும் கட்டிக்கொண்டு வேலை செய்கிற ஊரில் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் தீர்மானம். துணி நுனி சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

ஜாக்கி இயந்திரத்தைப் பங்குனி, சித்திரையில் ஓட்டுவது நல்லது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பட்டையோடு உருண்டையாகக் கிடந்தால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பிளந்து, காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டால் ஐப்பசி மழைக்குள் காய்ந்துவிடும். ஈர விறகு முதலில் தன் தண்ணீரைக் காய்ச்சும், பிறகுதான் நம் தண்ணீரை. அந்தப் புகை முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான் போகிறது.

தனி வீட்டுக்கு இந்த இயந்திரம் அதிகப்படி. வருஷத்தில் சில நாள் ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் துருப்பிடிக்கும். எங்களுடையது தெருவுக்கே பொதுவாகிவிட்டதால்தான் கட்டுப்படியாகிறது. மின்சாரச் செலவைப் பார்த்துக்கொள்கிறவர் எடுத்துப்போகலாம்.

இப்படிப் பல கை மாறும்போது வருகிற வினை ஒன்று உண்டு. இந்த இயந்திரத்துக்கு இரண்டு கைப்பிடி. இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் ஜாக்கி நகரும், ஒன்றை விட்டால் நின்றுவிடும். கட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று சைக்கிள் டியூபால் ஒரு கைப்பிடியைக் கட்டிவைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஐரோப்பாவில் இந்த வகை இயந்திரத்துக்கு இரண்டு கைப்பிடி வேண்டும் என்று தரவிதியே இருக்கிறது. தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் சிக்கினால் பன்னிரண்டு டன்னுக்கு எலும்பு எது, மரம் எது என்று தெரியாது. எண்ணெய்க் குழாயில் ஊசித்துளை விட்டிருந்தால் அதையும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பிறகு அறுவை சிகிச்சைதான். உங்களுடையதானாலும் இரவல் வாங்கியதானாலும், கைப்பிடியில் டியூப் கட்டியிருந்தால் முதலில் அதை அறுத்து எறிந்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.