சந்தக்ஃபூ மலையில் 70 வயது லேண்ட் ரோவர்கள்!

மானேபஞ்ஜங். மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய சிறிய ஊர். தெருவைத் தாண்டினால் நேபாளம். பனிமூட்டம் விலகும் காலை வேளையில், கடைத்தெரு ஓரமாகச் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காத்து நிற்கின்றன பழைய லேண்ட் ரோவர்கள். பல வண்டிகள் 1950-களில் தயாரானவை. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்ட வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுமந்தவை. இன்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுபவை.

இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மலையேறினால் சந்தக்ஃபூ. 3,636 மீட்டர் உயரம். மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம் இதுதான். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் நான்கை இங்கே நின்றபடியே பார்க்கலாம்.

ஆனால், அந்தக் காட்சி சும்மா கிடைத்துவிடாது. வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். பல ஆண்டுகளாக இது உருண்டைக் கற்களைப் பரப்பிய பாதையாகத்தான் இருந்தது. சாதாரண கார் திணறும் அந்தப் பாதையில் இந்தக் கிழட்டு வண்டிகள் எப்படி ஏறின? நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கற்களேதான்!

ஏணி தூக்கியவர்களின் கணக்கு

நீளமான ஏணியை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கிக்கொண்டு தெரு முனையில் திரும்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் அகலமாகச் சுற்றி வருவார். பின்னால் வருகிறவர் உள்பக்கமாகக் குறுக்கே திரும்பிவிடுவார். முன்னவருக்கு நடை அதிகம். வண்டியிலும் அப்படித்தான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும்.

முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றினால்? இரண்டுக்கும் நடுவே இறுக்கம் ஏறும். காய்ந்த தார் ரோட்டில் ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், கியர்கள் முறுக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்க இரண்டு ஷாஃப்டுகளுக்கும் நடுவில் வைக்கும் பல்சக்கர அமைப்புதான் சென்டர் டிஃபரன்ஷியல். விசையை இரு பக்கமும் கொடுத்துக்கொண்டே, வளைவில் முன்பக்கம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற அனுமதிக்கும்.

இந்தத் தாராளத்தில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், சுழற்சியெல்லாம் பள்ளத்து வயலுக்கு ஓடும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். மற்ற மூன்றும் சும்மா நிற்கும். அதனால்தான் பல வண்டிகளில் அதைப் பூட்டிவைக்க 'லாக்' இருக்கிறது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரில் இந்த வசதி இருந்தது.

மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ்

மானேபஞ்ஜங் வண்டிகள் அதற்கும் முந்தைய தலைமுறை. 1948-ல் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரில் நான்கு சக்கர இயக்கம் நிரந்தரமாக இருந்தது. வளைவில் முன் சக்கரங்கள் முந்திச் சுற்றுவதற்கு 'ஃப்ரீ வீல்' என்ற ஏற்பாடு. கொஞ்ச காலத்தில் அதையும் எடுத்துவிட்டு, வேண்டும்போது டிரைவரே நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்க்கும்படி மாற்றினார்கள். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் விசை போகும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் மெதுவான, பலமான 'லோ' கியர். அப்போது நான்கு சக்கரமும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

சென்டர் டிஃபரன்ஷியல் இல்லை. அந்த வேலையைப் பாதை செய்தது. உருளும் கற்களில் டயர் லேசாகச் சறுக்கும். ஒவ்வொரு சறுக்கலிலும் ஏறிய இறுக்கம் கழன்றுபோகும். பிக்கேபஞ்ஜங்கைத் தாண்டி வரும் கடைசிச் செங்குத்து ஏற்றத்தில் இந்த வண்டிகள் நம்பியது இரும்பை மட்டுமல்ல, கல்லையும்தான்.

மாறிவிட்ட பாதை

இப்போது பாதையின் பெரும்பகுதியில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கற்கள் தந்த சறுக்கல் காய்ந்த கான்கிரீட்டில் கிடைக்காது. அங்கே நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்தபடியே திரும்பினால் இறுக்கம் ஏறி, லீவரே கழன்று வராது. அப்படி மாட்டிக்கொண்டால் வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து முறுக்கைத் தளர்த்துவது வழக்கம். பாதை சீரானதும் புதிய பொலிரோக்கள் வந்துவிட்டன. மலைவாசிகளுக்குப் பயணம் எளிதானது நல்ல செய்தி. ஆனால் இந்தப் பழைய வண்டிகளை நம்பிய குடும்பங்களின் வருமானத்தில் பங்கு போட ஆள் வந்தாயிற்று.

தார், ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அவற்றிலும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. மண், சேறு, மணலில் மட்டும் ஃபோர் வீல் டிரைவைச் சேருங்கள். காய்ந்த தார் ரோட்டில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

போக விரும்புபவர்களுக்கு: ஏப்ரலில் ரோடோடென்ட்ரான் பூக்கள், அக்டோபர், நவம்பரில் தெளிந்த வானம். மழைக்காலத்தில் வழியில் உள்ள சிங்கலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும். அடையாள அட்டையும், கம்பளி உடையும் அவசியம். மானேபஞ்ஜங்கில் வண்டி பிடிக்கும்போது, முடிந்தால் பழைய லேண்ட் ரோவரையே கேளுங்கள். இடுப்பு வலிக்கும். ஆனால், அந்தச் சிவப்புக் குமிழ் பின்னால் சாயும் நேரத்தில் வண்டி எப்படி மலையைப் பிடிக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம்.