அவர் பெயரில் இருந்த எண்

செல்போன் இணைப்பு வாங்க இன்றைக்குப் பத்து நிமிடம் போதும். ஆதார் எண்ணைச் சொன்னால் கடைக்காரரே படம் பிடித்து, சிம்மையும் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். அதே இணைப்பை வேண்டாம் என்று நிறுத்தப் போகும்போதுதான், அந்தப் பத்து இலக்கத்தில் வீட்டின் எத்தனை கதவுகள் மாட்டியிருக்கின்றன என்பது தெரிகிறது. இணைப்புக்கு உரியவரே உயிரோடு இல்லையென்றால் சொல்லவே வேண்டாம்.

திண்டிவனத்தில் ஒரு அம்மா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் மல்லாட்டை மண்டியில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகும், அவருடைய செல்போன் மட்டும் அலமாரியில் தினமும் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே இருக்காரா? மல்லாட்டை இன்னா வெல போவுது?"

மரக்காணம் பக்கத்திலிருந்தும் மயிலத்திலிருந்தும் விவசாயிகள் கேட்பார்கள். அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். "அவரு இல்லீங்க. மாசியில தவறிட்டாரு." மறுமுனையில் சற்று நேரம் பேச்சு இருக்காது. பிறகு விசாரிப்பு, வருத்தம், ஆறுதல். போனை வைத்தால் அடுத்தது.

மாதம் பிறந்தால் பில் வேறு. அவருடையது போஸ்ட்பெய்டு இணைப்பு. 399 ரூபாய் திட்டம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஐயாயிரத்து அறுநூறைத் தாண்டுகிறது. பேசுவதற்கு ஆள் இல்லாத போனுக்கு இவ்வளவு பணம்.

"தம்பி, இத நிறுத்திடலாம்பா" என்றார் கொழுந்தனாரிடம். அவர் விழுப்புரத்தில் இருக்கிறார், அரசு வேலையில் ஓய்வு பெற்றவர்.

"நிறுத்தலாம் அண்ணி. ஆனா அவசரப்படாதீங்க. அண்ணன் நம்பர்ல என்னென்ன இருக்குன்னு மொதல்ல பாத்துடுவோம்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ப்ரீபெய்டு எண் என்றால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே நாளடைவில் தானாக அடங்கிவிடும். போஸ்ட்பெய்டு அப்படியில்லை. பில் கட்டாமல் இருப்பது, இணைப்பை நிறுத்துவது ஆகாது. பேசுவதற்கு வழியை அடைத்துவிட்டு, பாக்கியை மட்டும் ஏற்றிக்கொண்டே வருவார்கள். பிறகு வசூலுக்கு ஆள் பேசும். முறைப்படி விண்ணப்பித்து, கடைசி பில்லைக் கட்டி, மூடியாயிற்று என்று எழுத்தில் வாங்கினால்தான் விஷயம் முடிந்தது.

இன்னொரு வழி, எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றுவது. நாடு முழுவதும் 2011 ஜனவரி முதல் இருக்கிற வசதி. ஆனால் தமிழ்நாட்டில் பலர் அதன் அருமையை உணர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். அந்த மாதம் ஏர்செல் சிக்னல் ஊர் ஊராகப் போனது. மாதக் கடைசியில் நிறுவனமே திவால் மனு போட்டது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய நிறுவனம் அது. இங்கே முதன்முதலில் செல்போன் வாங்கிய எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் எண். 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, எட்டு எழுத்துக் குறியீட்டை வாங்கி வேறு நிறுவனத்துக்கு ஓடினார்கள். மண்டிக் கணக்கரும் அப்போது மாறியவர்தான். 'நம்பர் போனா வியாபாரம் போச்சு' என்று இரண்டு நாள் அலைந்து, அந்த எண்ணைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

அண்ணியும் கொழுந்தனாரும் ஒருநாள் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். முதலில் வங்கிக் கணக்கு. அப்புறம் கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, மின்கட்டணம், ஆயுள் காப்பீடு, வண்டியின் ஆர்.சி. எழுத எழுத நீண்டது. எல்லாவற்றிலும் அவர் எண். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வெளிவந்தது. அந்த அம்மாவின் ஆதாரிலும் கணவரின் எண்தான் பதிவாகியிருந்தது. 'வீட்டுக்கு ஒரு நம்பர் போதும்' என்று அன்றைக்குக் கொடுத்தது. எண்ணை மூடிவிட்டால், அவருடைய ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. யாருக்கும் இல்லாமல் போகும்.

நல்லவேளை, ஆதாரில் எண்ணை மாற்றப் பழைய எண் தேவையில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும்.  அந்த அம்மா தன் பெயரில் ஒரு புதிய ப்ரீபெய்டு சிம் வாங்கினார். வாழ்க்கையில் அவர் பெயரில் வாங்கிய முதல் சிம் அதுதான்.

வங்கி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "போன் உங்ககிட்டதான இருக்கு, பின் நம்பரும் தெரியும். பணத்த உங்க கணக்குக்கு மாத்திட்டு அப்புறமா சொல்லிக்கலாம்ல?" நல்லெண்ணத்தில் சொன்னதுதான். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. கொழுந்தனார் ஒப்பவில்லை. இறந்தவரின் கணக்கிலிருந்து அவர் பெயரால் பணம் எடுப்பது தவறு. நாளைக்கு வாரிசுகளுக்குள் ஒரு பேச்சு வந்தால் பதில் சொல்ல முடியாது. நாமினியாக அம்மாவின் பெயரே இருந்தது. இறப்புச் சான்றிதழோடு வங்கியில் விண்ணப்பித்தார்கள். ஆவணங்கள் சரியாக இருந்தால் பதினைந்து நாளில் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணமும் முறையாக வந்து சேர்ந்தது.

அடுத்து, அவர் பெயரில் வேறு இணைப்புகள் உண்டா என்று பார்த்தார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணைக் கொடுத்து, ஓ.டி.பி.யைப் போட்டால், அந்தப் பெயரில் உள்ள இணைப்புகள் தெரியும். ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி. அவர் பெயரில் மூன்று இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று மண்டியில் மூட்டை தூக்கும் பையனுக்கு எப்போதோ வாங்கிக் கொடுத்தது. அவன் இன்னமும் அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது யாரிடம் இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை. 'இது தேவையில்லை' என்று அதே தளத்தில் குறித்துவிட்டார்கள். பையனைக் கூப்பிட்டு, அவன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். போனை முதலிலேயே மூடியிருந்தால் இந்த ஓ.டி.பி.யே வந்திருக்காது, இந்த விவரமும் தெரிந்திருக்காது.

வைகாசியில் இருவரும் விழுப்புரத்தில் உள்ள நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போனார்கள். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்கள்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதாம்மா வரணும்" என்றான் கவுன்ட்டரில் இருந்த பையன், திரையைப் பார்த்தபடி.

"அவரு எங்கப்பா வருவாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "மன்னிச்சுக்கோங்கம்மா. உக்காருங்க." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தேவையானவற்றை ஒரு தாளில் எழுதியும் தந்தான்: இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், உறவைக் காட்ட வாரிசுச் சான்றிதழ், பாக்கி இல்லாத பில். அவற்றோடு இரண்டு வழிகளையும் சொன்னான். ஒன்று, இணைப்பை மூடுவது. மற்றது, எண்ணை அம்மாவின் பெயருக்கு மாற்றி ப்ரீபெய்டாக வைத்துக்கொள்வது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களும் இருக்க வேண்டும், அவற்றை 365 நாள் வரை தரலாம் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்திருக்கிறது. எண்ணை மட்டும் உயிரோடு வைத்திருக்க நினைப்பவர்களுக்கு அது ஓரளவு கட்டுப்படியாகும்.

இரண்டாவது வழியைத்தான் பெங்களூரில் இருக்கும் மகள் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மூடிடாதம்மா. நான் அப்பப்ப அப்பா நம்பருக்குப் போட்டுப் பாக்கறேன்."

"எதுக்குடி?"

"அந்தப் பாட்டு கேக்கும்ல."

அவர் வைத்திருந்த காலர் ட்யூன். இரவில் வேலை முடிந்து வந்து, அழைத்து, பாட்டைக் கேட்டுவிட்டு, யாரும் எடுப்பதற்குள் வைத்துவிடுவாளாம். அலமாரியில் ராத்திரி பத்து மணிக்கு ஒலித்து நின்றுபோகும் அழைப்பு யாருடையது என்பது அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு இருவரும் வேறெதுவும் பேசவில்லை.

அந்த அம்மா இரண்டு மாதம் யோசித்தார். கொழுந்தனாரும் வற்புறுத்தவில்லை. ஆடி முடிகிறபோது அவரே சொன்னார். "நம்பர் இருக்கற வரைக்கும் அவரு இருக்காருன்னுதான் போன் பண்றாங்க தம்பி. தெனம் தெனம் நான் அவரு செத்துட்டாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். என்னால முடியல."

மகளுக்கும் அது புரிந்தது. அடுத்த வாரம் வந்தபோது, அவள் தன் போனிலிருந்து அப்பாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பாட்டை இன்னொரு போனில் பதிவு செய்துகொண்டாள். அப்பாவின் வாட்ஸ்அப்பில் இருந்த குரல் பதிவுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை அழித்தாள். அது அவசியமான வேலையும்கூட. மூடப்பட்ட எண் குறைந்தது 90 நாள் சும்மா இருக்கும். அதன்பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே டிராய் இதைத் தெரிவித்திருக்கிறது. அழிக்காமல் விட்டால், நாளை எவரோ ஒருவர் அப்பா பெயரில் குடும்பக் குழுவில் நிற்பார். வங்கியில் எண்ணை மாற்றாமல் விட்டாலும் அதே கதைதான். ஒருவர் கணக்கின் ஓ.டி.பி. இன்னொருவர் கைக்குப் போகும். இப்படி மறுபடி புழக்கத்துக்கு வரும் எண்களின் பட்டியலை வங்கிகளும் யு.பி.ஐ. செயலிகளும் வாரந்தோறும் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனாலும் நம் கதவை நாம்தானே பூட்ட வேண்டும்?

மண்டி நோட்டை வைத்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு விவசாயியையும் தானே அழைத்தார். கணக்கு பாக்கி உள்ளவர்களுக்கு மண்டி முதலாளியின் எண்ணையும், மற்றவர்களுக்குத் தன் புதிய எண்ணையும் கொடுத்தார். நாற்பது பேருக்கு மேல். அதற்கே நான்கு நாள் ஆனது. ஆவணியில் விண்ணப்பம் கொடுத்தார்கள். மறுவாரம் இணைப்பு மூடப்பட்டது.

அதோடு முடியவில்லை. இணைப்பு வாங்கும்போது கட்டிய முன்பணம் 500 ரூபாய், காசோலையாகத் திரும்பி வந்தது. யார் பெயரில்? இறந்தவர் பெயரில். அந்தக் கணக்கோ எப்போதோ மூடியாயிற்று. வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பதில் இல்லாமல் போகவே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதினார் கொழுந்தனார். ஐப்பசியில் அம்மாவின் கணக்குக்குப் பணம் வந்தது. விண்ணப்பத்திலேயே, 'திரும்பத் தரவேண்டிய தொகையை இந்தக் கணக்கில் போடவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். டிராய் தனிப்பட்ட புகார்களை விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனம், அடுத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீடு, அங்கும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இந்த வரிசைதான்.

இப்போது அந்த அம்மாவிடம் ஒரு இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் தன் எண்ணை எழுதி, அதன்கீழே அந்த எண் எங்கெங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்: வங்கி, கேஸ், ஆதார், ரேஷன், கரண்ட். கடைசி வரியில் நாமினி, மகள் பெயர். புதிதாக எங்கேயாவது எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அதையும் சேர்த்து எழுதிவிடுகிறார். தீபாவளிக்கு வந்த மகளிடம் அந்த நோட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டினார். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள் மகள்.

"இப்பதாண்டி காட்ட முடியும்" என்றார் அம்மா.