பெயரில்லாத கல்லறையில் பட்டத்து இளவரசர்

தில்லி கஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து லோதியன் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், கல்லூரிக் கட்டடங்களுக்கு நடுவே உயரமான தூண்களுடன் ஒரு பழைய மாளிகை. முன்பக்கத்தைப் பார்த்தால் கிழக்கிந்தியக் கம்பெனி துரையின் பங்களா என்றே தோன்றும். அது தப்பும் அல்ல. 1803-க்குப் பிறகு கம்பெனியின் பிரதிநிதி டேவிட் ஆக்டர்லோனி குடியிருந்த வீடு இது. ஆனால் ஆங்கிலேயத் தூண்களுக்குப் பின்னால் சிவப்புக் கல்லில் மொகலாய வளைவுகள் இன்னும் நிற்கின்றன. ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷிகோவின் நூலகம் இது.

2023 மே மாதத்திலிருந்து உள்ளே இருப்பது பிரிவினை அருங்காட்சியகம். பங்கு பிரிக்க முடியாமல் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளின் வீட்டில் 1947-ன் நினைவுகள்! இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

பக்கத்தில் யமுனைக் கரையில் நிகம்போத் காட். இன்று அது நகரின் பெரிய சுடுகாடு. 1657-ல் அங்கே தாராவுக்கு ஒரு மாளிகை இருந்தது. காசிப் பண்டிதர்களை வரவழைத்து, சுமார் 50 உபநிடதங்களை அங்கேதான் ஆறு மாதத்தில் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து 1801-02-ல் வந்த லத்தீன் மொழிபெயர்ப்புதான் ஜெர்மானியத் தத்துவஞானி ஷோப்பனாவரின் மேஜைக்குப் போனது. தாராவுக்கு அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வேலை முடிந்த இரண்டே மாதத்தில் தந்தை நோயில் விழுந்தார். நான்கு மகன்களும் நான்கு திசையிலிருந்து சிம்மாசனத்தைப் பார்த்தார்கள்.

போர்க்களத்தில் தாரா சாமர்த்தியசாலி அல்ல. 1653-ல் காந்தஹாரை மீட்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர். பிரபுக்களை மதிக்கத் தெரியாதவர் என்ற பெயரும் உண்டு. 1658-ல் ஆக்ராவுக்கு அருகே சாமுகரில் இரண்டாவது தம்பி முகியுத்தீன் ஔரங்கசீப்பிடம் தோற்று ஓடினார். ஓட்டம் ஓராண்டு நீடித்தது. போலன் கணவாய் அருகே மனைவி நாதிரா பானு இறந்துபோக, மிச்சமிருந்த வீரர்களை அவர் உடலோடு லாகூருக்கு அனுப்பிவிட்டு, மாலிக் ஜீவன் என்ற தலைவனின் வீட்டில் தாரா தஞ்சம் புகுந்தார். ஒருகாலத்தில் யானைக் காலடியில் சாக வேண்டியவனை ஷாஜஹானிடம் பேசிக் காப்பாற்றியவர் தாரா. அவனே பிடித்துக் கொடுத்தான்.

நூலகத்திலிருந்து தெற்கே, ரயில் பாதையைத் தாண்டினால் சாந்தினி சௌக். ஜிலேபிக் கடையும் சேலைக் கடையும் ரிக்‌ஷாவும் மோதிக்கொள்ளும் இந்தக் கடைவீதியை வடிவமைத்தவர் தாராவின் தமக்கை ஜஹானாரா. வாரிசுச் சண்டையில் தம்பி தாராவின் பக்கமே நின்றவர். 1659-ல் பழைய காலண்டர்படி ஆகஸ்ட் 29 அன்று, அவர் போட்ட அந்த வீதி வழியாகத்தான் தாராவை ஊர்வலம் விட்டார்கள். அலங்காரமில்லாத, அழுக்கேறிய யானை. முரட்டுத் துணி. பக்கத்தில் மகன் சிபிர். பின்னால் உருவிய வாளோடு ஓர் அடிமை.

கூட்டத்தின் நடுவே குதிரையில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர். திரும்பிய பக்கமெல்லாம் ஆணும் பெண்ணும் தங்கள் வீட்டு இழவு போல் அழுதார்கள், ஆனால் ஒருவர்கூட வாளைத் தொடவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

தாராவின் கதை முடிந்தது என்று ஊருக்குக் காட்டவே ஊர்வலம். அழுகை அந்தக் கணக்கைக் கெடுத்தது. அன்றைய மந்திராலோசனையில் கேள்வி ஒன்றுதான்: குவாலியர் கோட்டைச் சிறையா, மரணமா? சிறை போதும் என்றார் தானிஷ்மந்த் கான். அவர் தாராவுக்கு வேண்டாதவர். இருந்தும் உயிருக்காக வாதாடினார். தாய்மாமன் ஷாயிஸ்தா கானும் தங்கை ரோஷனாராவும் கொல்லத்தான் வேண்டும் என்றார்கள். உலமாக்கள் மதம் பிறழ்ந்தவர் என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். மறுநாள் மாலிக் ஜீவன் தெருவில் வந்தபோது மக்கள் கல்லும் குப்பையும் எறிந்தார்கள். அதற்குமேல் ஔரங்கசீப் காத்திருக்கவில்லை. அன்றிரவு ஆட்கள் போனபோது, விஷத்துக்குப் பயந்த அப்பாவும் மகனும் தாங்களே பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம்.

தாரா செத்தது உபநிடதத்தாலா, சிம்மாசனத்தாலா? பள்ளிப் புத்தகம் முதல் பதிலைச் சொல்லும். குவாலியர் வேறு சொல்கிறது. கடைசித் தம்பி முராத் மீது மதக் குற்றம் எதுவும் இல்லை. ஔரங்கசீப்போடு சேர்ந்து போரிட்டவர். 1661-ல் அவருக்கும் சட்டப்படியே மரணம் வந்தது. பழைய கொலை ஒன்றுக்குப் பழி கேட்க ஒரு குடும்பம் முன்னிறுத்தப்பட்டது. ஆளுக்கு ஏற்றபடி சட்டம் கிடைத்தது. பிறகு, தாராவின் மகளைத் தன் மகனுக்கும், தன் மகளைச் சிபிருக்கும் மணமுடித்து வைத்ததும் இதே ஔரங்கசீப்தான். பயம் தீர்ந்தபின் பாசம் வந்தது போலும்.

இன்றைய தில்லி தன் பங்குக்குப் பெயர்ப் பலகைகளை மாற்றியிருக்கிறது. 2015-ல் ஔரங்கசீப் சாலை அப்துல் கலாம் சாலையானது. 2017-ல் டல்ஹௌசி சாலை தாரா ஷிகோ சாலையானது.

கல்லறை கிடைப்பதுதான் கஷ்டம். உடலை அடக்கம் செய்தது ஹுமாயூன் சமாதியில். மொகலாய வம்சத்தார் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இல்லை. 2020 ஜனவரியில் மத்திய கலாசார அமைச்சகம் தாராவைக் கண்டுபிடிக்க ஏழு பேர் குழுவை அமைத்தது. தில்லி மாநகராட்சிப் பொறியாளர் ஒருவரும், ஔரங்கசீப்பின் அரசவை வரலாற்றில் அக்பரின் மகன்கள் தானியாலும் முராதும் கிடக்கும் அறை என்றிருப்பதைப் பிடித்துக்கொண்டு, ஓர் அறையையும் ஒரு கல்லையும் அடையாளம் காட்டினார்.

சுற்றுலாப் பயணிகள் மாடத்தின் நடுவே ஹுமாயூனின் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு, மூலை அறைகளை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அந்தக் கற்களுக்குள் 1713-ல் கொல்லப்பட்ட ஜஹந்தர் ஷா, 1719-ல் கழுத்து நெரிக்கப்பட்ட ஃபரூக்சியார், 1759-ல் குத்திக் கொல்லப்பட்ட இரண்டாம் ஆலம்கீர் ஆகியோரும் இருக்கிறார்கள். மூவரும் சிம்மாசனத்தில் அமர்ந்தவர்கள். மூவரும் ஔரங்கசீப்பின் பரம்பரை.