எழுபதாயிரம் கண்ணிகள்

தெற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதற்கு வாடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். தென்றலை அவர்கள் விரும்பி வரவேற்றனர். வாடையைக் கண்டு நடுங்கினர். கடுங்குளிரில் நெருப்பை நாடிக் கைகாயும் ஆயர்களை நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டுகிறார். மயில் குளிரால் வாடுவதாக எண்ணிப் போர்வை ஈந்த பேகனை நாம் பள்ளிப் பருவம் முதலே அறிவோம். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று நான்கு மாதங்களைப் பனிக்கே கொடுத்தனர். ஆயினும் இரண்டு ஊசிகளில் கம்பளி நூலைக் கோத்து ஆடை பின்னும் தொழில் நம் சமவெளி ஊர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. வாடை பிறக்கும் திசைக்கே பிழைப்புத் தேடி வந்த நம் போன்றவர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது.

தில்லி அரசு அலுவலகங்களின் புல்வெளிகளை அறிந்த மூத்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். குளிர்காலத்தில், உணவு இடைவேளையில், பெண் ஊழியர்கள் வெயிலை நோக்கி வட்டமாக அமர்ந்திருப்பார்கள். நடுவில் வேர்க்கடலையும் ஆரஞ்சுப் பழமும் இருக்கும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நூலுருண்டை. வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் ஓயாது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஸ்வெட்டர் பின்னச் சொல்கிறது என்று கேலி பேசியவர்கள் உண்டு. கேலி பேசியவர்களில் பலர் அணிந்திருந்ததும் அவ்வாறு பின்னிய ஸ்வெட்டர்தான். இன்று அந்த வட்டங்கள் அருகிவிட்டன. லூதியானா ஆலைகளிலிருந்து வரும் ஆயத்த ஆடைகள் சரோஜினி நகர்ச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. ஊசி பிடித்த விரல்கள் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் மூவர் மட்டுமே இன்னும் பின்னுகிறோம்.

நான் பி.ஏ. முடித்துத் தேர்வெழுதி, எழுத்தர் பணிக்காகத் தில்லிக்கு வந்தது 2004ஆம் ஆண்டு. இராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் எங்கள் மாடிக்கு மேல்மாடியில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருந்தார். எல்லோரும் அவரைப் பீஜி என்று அழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அன்று இந்தி தெரியாது. என் முதல் தில்லிக் குளிரில் நான் இரண்டு புடவைகளைச் சுற்றிக்கொண்டு நடுங்குவதைக் கண்டு, ஒரு நாள் மாலை தம் அருகில் அமர்த்தி, என் கையில் இரண்டு ஊசிகளைக் கொடுத்தார். என் விரலின் மேல் தம் விரலை வைத்து, நூலைச் சுற்றி, கண்ணியை இழுத்துக் காட்டினார். ஊசியை முன்னிருந்து பின்னாகச் செலுத்தினால் சீதா. பின்னிருந்து முன்னாகக் கொணர்ந்தால் உல்டா. நம் காதுக்குச் சீதாப்பிராட்டியின் திருப்பெயராக ஒலிக்கும் அச்சொல்லுக்கு இந்தியில் நேரானது என்று பொருள். இவ்விரண்டு சொற்களே நான் கற்ற இந்தியின் அரிச்சுவடி. உலகிலுள்ள பின்னல் வகைகள் யாவும் இவ்விரண்டின் சேர்க்கைதான் என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன்.

ஊசிகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற ஊசி மெலியும். இந்த வரிசை முறையை நாம் ஆங்கிலேயரிடமிருந்து பெற்றோம். ஓரப்பட்டிக்கு 11ஆம் எண். உடலுக்கு 9ஆம் எண். பட்டி இறுக்கமாக நின்று காற்றைத் தடுக்கும். உடல் சற்றுத் தளர்ந்து சூட்டைத் தேக்கி வைக்கும். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, உடலின் சூடு வெளியேறாமல் காக்கிறது. பீஜி வீட்டில் எந்த நூலும் வீணானதில்லை. பேரன் வளர்ந்ததும் அவனுடைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருக்கம் நீங்க நனைந்தபடியே கனம் கட்டித் தொங்கவிடுவார். அடுத்த குளிருக்கு அதே நூல் பேத்தியின் உடலில் ஏறியிருக்கும்.

இனி என் அன்றாடத்தைச் சொல்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்தால் சமையல், மகளின் பள்ளிக்கூடம், கணவரின் சிற்றுண்டிப் பெட்டி. 9 மணிக்கு அலுவலகம். மதியம் 1 மணி முதல் 1.30 வரை இடைவேளை. உண்பதற்குப் பத்து நிமிடம் போனால் எஞ்சுவது இருபது நிமிடம். நிமிடத்துக்கு முப்பது கண்ணிகள் என் கைவேகம். ஒரு வரிசைக்கு 120 கண்ணிகள் என்று கொண்டால், அந்த இருபது நிமிடத்தில் ஐந்து வரிசை தேறும். எட்டு வரிசைகள் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம். அதாவது என் பகற்பொழுதின் சொந்த நேரம் முழுவதும் சேர்ந்து ஓர் அங்குலத்தைக்கூட எட்டுவதில்லை. இரவு பாத்திரம் கழுவி முடித்து, மகள் பாடம் படிக்கும் மேசையருகே அமர்ந்தால் மேலும் சில வரிசைகள். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். ஒரு முழுக்கை ஸ்வெட்டருக்கு முதுகும் முன்புறமும் கைகளும் சேர்த்து ஏறக்குறைய 70,000 கண்ணிகள். இடைவிடாது பின்னினால் 40 மணி நேரம். இருபது நிமிடமும் பத்து நிமிடமுமாகச் சில்லறை சேர்த்தால் மூன்று மாதம்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பே தொடங்கி நான் பின்னிய ஸ்வெட்டர் என் தந்தைக்கானது.

என் தந்தை மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தில்லிக்கு வந்த இருபது ஆண்டுகளில் அவர் ஒரு முறைகூட இங்கு வந்ததில்லை. அழைக்கும்போதெல்லாம், “அந்தக் குளிரெல்லாம் நமக்கு ஒத்துக்காதும்மா” என்பார். கோடையில் அழைத்தால், “அந்த வெயிலை இந்த வயசிலே தாங்க முடியுமா?” என்பார். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வயலில் வேலை இருக்கும். அம்மா இருந்தவரை இதை நான் பெரிதாக எண்ணவில்லை. அம்மா மறைந்த பிறகு, தொலைபேசியில் அவர் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியத் தொடங்கியது. அந்த இரண்டு நிமிடத்தில் பாதி என் நலத்தைக் கேட்பதிலேயே போய்விடும்.

அரசு ஊழியரின் விடுப்புக் கணக்கு நம்மில் பலருக்கு மனப்பாடம். ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். தற்செயல் விடுப்பு 8 நாள். ஆனால் குழந்தையின் காய்ச்சல், மாமனாரின் மருத்துவம், பள்ளிச் சேர்க்கை என்று அவை கரையும். சொந்த ஊரில் நான் தங்கியது ஆண்டுக்குச் சராசரி 12 நாள்தான் இருக்கும். இருபது ஆண்டுக்கு 240 நாள். பெற்ற தந்தையோடு இருபது ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட முழுதாக வாழவில்லை என்பதை அந்தக் கூட்டல் காட்டியது. தொலைவில் வேலை பார்க்கும் நாம் பணம் அனுப்புகிறோம், மருந்து அனுப்புகிறோம். நேரத்தை மட்டும் அனுப்ப வழியில்லை. பின்னல் அதற்கு ஒரு வழியென எனக்குத் தோன்றியது. மூன்று மாதத்துச் சில்லறை நேரம் ஒரே பொருளாகத் திரண்டு, ஒருவர் தோளில் போய்ச் சேருகிறது அல்லவா?

அளவு வேண்டுமே! ஊரிலுள்ள தம்பியிடம் அப்பாவின் சட்டை ஒன்றை அனுப்பச் சொன்னேன். என் நினைவிலிருந்த தந்தை 40 அங்குல மார்புடையவர். வகுப்பறையின் கடைசி வரிசைவரை குரல் எட்டும்படி பேசுபவர். தபாலில் வந்த சட்டை புதிதாகத் தைத்தது. நாடாவை வைத்து அளந்தேன். தையற்காரர் வழக்கமாக விடும் தளர்வைக் கழித்தால் உடலளவு 36 அங்குலம் இருக்கும். சட்டையை மடிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். “அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குக்கா” என்று தம்பி ஒவ்வொரு முறையும் சொல்லுவான். அவன் சொல்லாமல் விட்டதை அந்தத் துணி சொல்லிவிட்டது. தோளில் வலி இருப்பதால் கையைத் தலைக்குமேல் தூக்க முடிவதில்லை என்றும் அப்போது கேட்டறிந்தேன். ஆகவே தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் ஆகாது. முன்புறம் திறந்து பொத்தான் போடுவதாக இருக்க வேண்டும். விரல் நடுங்கினாலும் பிடிபடும்படி பொத்தான் ஒரு ரூபாய் நாணயம் அளவு பெரிதாக இருக்க வேண்டும். நிறம் சந்தனம், வெள்ளை வேட்டிக்கு அதுதான் பொருந்தும்.

அந்த ஆண்டு நாட்காட்டியும் எனக்கு உதவியது. 2024இல் பொங்கல் ஜனவரி 15ஆம் நாள், திங்கட்கிழமை. 1985 முதல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்பதால் சனியும் ஞாயிறும் விடுமுறை. பொங்கல் தில்லியில் பொது விடுமுறை அன்று. ஊழியர் ஒவ்வொருவரும் பட்டியலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு நாளைத் தெரிவு செய்துகொள்ளலாம் என்னும் விருப்ப விடுமுறைகளில் அடங்கும். நம்மவர் பலரைப் போல நானும் முதல் நாளைப் பொங்கலுக்கே எழுதிக் கொடுப்பவள். சேர்ந்தாற்போல் மூன்று நாள்! இதைச் சொல்லி அப்பாவை அழைத்தேன். “குளிருக்கு நான் பொறுப்பு அப்பா. உங்களுக்குக் கம்பளி தயாராகிறது” என்றேன். “எனக்கு எதுக்கும்மா கம்பளி? தோளிலே துண்டு போதாதா?” என்றார். பிறகு சிறிது நேரம் பேச்சில்லை. “சரி, மூணு நாள்னா வரேன்” என்றார்.

தம்பியின் மகன் துணையாக வர, வியாழன் இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுவதாக ஏற்பாடு. 2,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். சனி விடியலில் புதுதில்லி. அந்த வாரம் என் வீட்டில் நடந்ததைத் திருவிழா ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். திங்களன்று இரண்டாவது கை முடிந்தது. செவ்வாயன்று துண்டுகளை ஈரத்துணியால் ஒற்றிப் பரப்பி, விளிம்பெல்லாம் குண்டூசி குத்தி உலர வைத்தேன். தில்லிப் பனிமூட்டத்தில் எதுவும் எளிதில் உலராது. என் கணவர் அறைச் சூடேற்றியை அருகில் வைத்து, இரவு இருமுறை எழுந்து பார்த்துக்கொண்டார். புதனன்று தோளையும் பக்கங்களையும் இணைத்தேன். அவர் கடைத்தெருவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் தேடிப்பிடித்து வந்தார். மகள் தாத்தாவுக்குத் தன் கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள். பீஜி அப்போது உயிரோடில்லை. அவருடைய மருமகள், போகியை ஒட்டி வரும் லோரித் தீயின் அருகில் அப்பாவுக்கு நாற்காலி போடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

வியாழனன்று பொத்தான் பட்டி. வெள்ளி மதியம் புல்வெளியில் வெயிலே இல்லை; மூடுபனியில் எதிரிலிருந்த மரம்கூடத் தெரியவில்லை. நாங்கள் மூவரும் உள்ளே சன்னலோரம் அமர்ந்தோம். தோழியர் இருவரும் ஆளுக்கு ஒரு பொத்தானை வாங்கித் தைத்துக் கொடுத்தனர். அந்த நாள்களில் வடக்கு நோக்கி வந்த ரயில்கள் பனியால் பல மணி நேரம் தாமதமாயின. அன்றிரவு வண்டி போபாலை நெருங்கும் வேளையில் நான் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தேன். தாமதத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அதைவிட வேறொன்று மனத்தை அரித்தது. இதுவரை குளிர் அவருக்கு ஒரு காரணமாக இருந்தது. அந்தக் காரணத்தை நான் 70,000 கண்ணிகளால் அடைத்துவிட்டேன். இனி, “பங்குனி வரை எங்களோடு இருங்கள்” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? காரணம் இருக்கும்வரை, வராதவரைப் பற்றி நாம் நம்பிக்கையோடு இருக்கலாம். காரணம் நீங்கிய பின் விடையைத்தான் கேட்டாக வேண்டும்.

ஸ்வெட்டர் அவருக்குச் சரியாக இருந்தது. பொங்கலன்று சந்தன நிற ஸ்வெட்டரும் வெள்ளை வேட்டியுமாக மலை மந்திரின் படிகளை நிதானமாக ஏறினார். நான் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டிலே விளக்கேத்த ஆள் வேணும்மா. உங்க அம்மா இருந்த வீடு” என்றார். சொன்ன சொல் மாறாமல் திரும்பிச் சென்றார். குளிரோ வெயிலோ வயலோ காரணமாக இருந்ததில்லை என்று அன்று அறிந்தேன். அறிந்ததில் எனக்கு ஆறுதலும் இருந்தது. நான் அவரைத் தடுத்துக் கேட்க முடிந்தது. அவர் உள்ளதைச் சொல்ல முடிந்தது. அதற்கு மூன்று நாளும் ஒரு ஸ்வெட்டரும் வேண்டியிருந்தன.

காவிரிக் கரையில் கம்பளிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மார்கழி விடியலில் கோயிலுக்குச் செல்லும்போது அப்பா அதை அணிந்துகொள்கிறார் என்று தம்பி சொல்கிறான். வழியில் யாராவது வியந்து பார்த்தால், பொத்தானைத் தடவியபடி, “தில்லியிலே எம்பொண்ணு போட்டது” என்பாராம்.